ஆறடித் தொட்டியில் பவளமா, பவளம் தின்னும் மீனா?

போன வருடம் எங்கள் வீட்டு நாலடிப் பவளத் தொட்டியின் மூலையில் சிலிக்கன் ஒட்டு பிரிந்து, ஹால் தரையில் உப்புத் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. மறுபடி ஒட்டிவிடலாம் என்று நான் சொன்னேன். பினாங்கு, பாயான் லெப்பாஸ் தரைவீட்டின் ஹாலில் பாதியைப் பத்து வருடமாக எனக்கு விட்டுக்கொடுத்திருக்கும் என் மனைவி வேறு மாதிரி யோசித்து வைத்திருந்தாள். "மாத்துறதுன்னா பெருசாவே மாத்துங்க. ஆனா இந்தத் தடவையாவது அந்த நீல மீன் நம்ம வீட்டுல இருக்கணும்."

அந்த நீல மீன் எம்பரர் ஏஞ்சல். குட்டியாக இருக்கையில் கருநீல உடம்பில் வெள்ளை வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழித்திருக்கும், யாரோ கோலமாவால் இழுத்து விட்டது போல. வளர்ந்ததும் வளையமெல்லாம் மறைந்து மஞ்சளும் நீலமுமாக நீளக் கோடுகள் வந்துவிடும். இரண்டும் ஒரே மீன் என்று முதல்முறை கேட்பவர் நம்பவே மாட்டார். முழு வளர்ச்சியில் 40 சென்டிமீட்டர் வரை போகும். அப்புறம், அது பவளத்தைக் கொத்தும். எங்கள் வீட்டு வழக்கு ஆரம்பித்ததே அங்கேதான்.

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்று தொட்டிக்குச் சொல்லிவிட்டோம். 24 கன அடி. சுமார் 680 லிட்டர். கண்ணாடி, கல், மணல், மேசை எல்லாம் சேர்ந்தால் எடை ஒரு டன்னை நெருங்கும். தரைவீடு என்பதால் எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. கொண்டோவில் எட்டாவது மாடியில் இருப்பவர் முதலில் ஒரு கட்டட இன்ஜினியரிடம் பேசிவிட்டு மேலே படிக்கவும். தொட்டி வந்து சேர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஆறு வாரமும் நாங்கள் போட்ட கணக்குதான் இது.

எது எதோடு ஒத்துப்போகாது

கடையில் கேட்டால் "இது பவளத்தோடு ஒத்துப்போகாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். உண்மையில் அதற்குள் மூன்று வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன.

பவளத்தின் சதையையே கடிப்பவை ஒரு கூட்டம். பெரிய ஏஞ்சல்கள், வண்ணத்துப்பூச்சி மீன்களில் பெரும்பாலானவை, பேத்தை மீன்கள், டிரிகர் வகையில் பல. டிரிகரைத் தமிழ்நாட்டுக் கடற்கரையில் கிளாத்தி என்பார்கள். இரண்டாவது கூட்டம் பவளத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனால் பவளத் தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் இறால், நண்டு, கூடவே இருக்கும் சின்ன மீன் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். சிங்கமீன், கெராப்பு (களவா), மோரே விலாங்கு எல்லாம் இந்த ரகம். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரே சிங்கமீனோடு அழகான பவளத் தொட்டி வைத்திருக்கிறார். அதில் வாயளவுக்குச் சின்னதாக வேறு எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவதை யாரும் சொல்வதில்லை. பெரிய மீன் நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். தொட்டிக்குள் அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாகி அங்கேயே தங்கிவிடும். மீனுக்கு நைட்ரேட் 30, 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருந்தாலும் பெரிதாகத் தெரியாது. ஆக்ரோபோரா மாதிரிக் கடினப் பவளத்துக்கு 10-ஐத் தாண்டினாலே எனக்குத் தூக்கம் போய்விடும். ஆக, ஒரு மீன் பவளத்தைத் தொடாமலேயே அதைக் கெடுக்க முடியும்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் ராத்திரி

இதெல்லாம் தெரிந்தும் நான் ஒரு தடவை தப்புப் பண்ணினேன். ஐந்து வருடம் இருக்கும். கடையில் 5 சென்டிமீட்டர் எம்பரர் குட்டி ஒன்றைப் பார்த்து மனைவி நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்த்த கடைக்காரர், "தா அப்பா (பரவாயில்லை) போஸ், சின்னதிலேயே விட்டால் பழகிக்கொள்ளும்" என்றார். பழகிக்கொண்டது என்றுதான் எட்டு மாதம் நினைத்திருந்தேன்.

ஒரு ஜனவரிக் காலையில் பச்சை மூளைப் பவளத்தின் ஓரம் கிழிந்து, உள்ளே வெள்ளை எலும்பு தெரிந்தது. நண்டு வேலை என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் டார்ச் பவளத்தின் விரல் நுனிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. நான் தொட்டி எதிரே உட்கார்ந்தால் அந்த எம்பரர் கல்லில் பாசி கொறிக்கும் சமர்த்துப் பிள்ளையாக இருக்கும். எழுந்து சமையலறைக்குப் போய்க் கதவிடுக்கு வழியாகப் பார்த்தால், நேராகப் போய் டார்ச்சில் ஒரு கொத்து, தலையை ஒரு ஆட்டு ஆட்டித் துப்பிவிட்டு இன்னொரு கொத்து. பசியில்லை அதற்கு. காலையில்தான் நோரித் தாளும் இறாலும் தின்றிருந்தது. கடலில் கடற்பஞ்சையும் பாறையில் ஒட்டியிருப்பதையும் கொத்திக்கொண்டே திரியும் ஜாதி. கொத்துவது அதன் பிழைப்பு.

அதைப் பிடித்தாக வேண்டும். வலையை உள்ளே விட்டால் கல் இடுக்கில் புகுந்துவிடும். பாட்டிலை வெட்டிப் பொறி வைத்தேன். அதில் வேறு மீனெல்லாம் போய்வந்தன, இது மட்டும் போகவில்லை. கடைசியில் கல்லையெல்லாம் வெளியே எடுப்பதுதான் வழி என்று முடிவு செய்த நாள் தைப்பூசத்துக்கு முதல் நாள். மறுநாள் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கச் சுங்கை பட்டாணியிலிருந்து மாமியார் வந்து ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தார். ராத்திரி பதினொரு மணிக்கு நான் முழங்கை வரை தண்ணீரில் கையை விட்டு, கற்களை வாளி வாளியாக எடுத்துக்கொண்டிருக்கையில் அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"மாப்ளே, விரத நாளும் அதுவுமா மீன் புடிக்கிறீங்களா?"

"புடிக்கத்தான் அத்தை, சாப்பிட இல்ல."

ஒன்றரை மணிக்கு மாட்டியது. அதற்குள் ஆக்ரோபோராவில் மூன்று கிளை முறிந்திருந்தன. மறுநாள் கூட்டமெல்லாம் கழிந்து, அதற்கடுத்த நாள் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பணம் திரும்பி வரவில்லை. ஒரு பாக்கெட் உப்பு கொடுத்தார்கள். மனைவி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மீனைத் திருப்பிக் கொடுத்ததற்கா, இல்லை அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்ததற்கா என்று நானும் கேட்கவில்லை.

வெயிலும் கரண்ட் பில்லும்

குளிர்நாட்டுக்காரர் எழுதுவதைப் படித்துவிட்டுத் தொட்டி வைக்கும் நம் ஆட்கள் அடிபடும் இடம் இது. அங்கே தண்ணீரைச் சூடாக்கக் காசு. இங்கே குளிர்விக்கக் காசு. பினாங்கில் மத்தியானம் 32 டிகிரி. விளக்கும் பம்பும் தரும் சூடும் சேர்ந்தால், எதுவும் செய்யாத தொட்டித் தண்ணீர் 30-ஐத் தொட்டு நிற்கும்.

நியாயமான கேள்வி ஒன்று உண்டு. பக்கத்திலிருக்கும் பாயார் தீவில் பவளங்கள் 29 டிகிரிக் கடலில்தானே வாழ்கின்றன, தொட்டியில் மட்டும் ஏன் 26? பவளம் தன் சதைக்குள் நுண்பாசியைக் குடிவைத்து, அது வெளிச்சத்தில் சமைப்பதைத் தின்று வாழும் பிராணி. வழக்கமான கோடை உச்சத்தைவிடத் தண்ணீர் ஒரே ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தால், அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். 2010-இல் தியோமான், ரெடாங் பக்கம் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை அதனால்தான் மூடினார்கள். 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவா, நான்காவது உலகளாவிய வெளிறல் நடக்கிறது என்றே அறிவித்தது. கடலிலேயே விளிம்பில் வாழும் உயிரை ஹாலில் 29-இல் வைத்தால், மின்விசிறி ஒரு மத்தியானம் நின்றாலே விளிம்பு தாண்டிவிடும். 26 என்பது நாம் வாங்கிக்கொள்ளும் அவகாசம்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், ஆறடிக்கானது, 500 வாட் இழுக்கும், நாளைக்கு 12 மணி நேரம் ஓடும் என்று வைத்தால் மாதம் 180 யூனிட். பவளத்துக்கு ஏற்ற எல்இடி விளக்கு ஆறடிக்கு மூன்று வேண்டும். 150 வாட் வீதம் 8 மணி நேரம் எரிந்தால் இன்னொரு 108. ஒரு யூனிட்டைத் தோராயமாக 50 சென்னுக்கு எடுத்தால், இந்த இரண்டுக்கு மட்டும் மாதம் 144 வெள்ளி (ரிங்கிட்). மீன் மட்டும் என்றால் ஒரு சாதாரண 60 வாட் விளக்கும், தண்ணீர்ப் பரப்பின் மேல் வீசும் 20 வாட் விசிறி இரண்டும் போதும்; 43 யூனிட், 22 வெள்ளிக்குள் அடங்கிவிடும். பம்பும், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரும் இரண்டுக்கும் பொது என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை.

விசிறி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அது தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிரைத் தருகிறது. ஜனவரி, பிப்ரவரியில் காற்று உலர்ந்திருக்கும்போது இரண்டு, இரண்டரை டிகிரி இறங்கும். செப்டம்பர், அக்டோபர் மழையில் துணியே காயாதபோது தொட்டி மட்டும் எப்படிக் குளிரும்? அந்த மாதங்களில் ஒரு டிகிரி கிடைத்தால் பெரிது. மீனுக்கு அது போதும். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் கம்மியாகத்தான் கரையும், பெரிய மீனோ நிறைய இழுக்கும். அதனால் பரப்பு எப்போதும் கொதிப்பது போலக் கலங்கிக்கொண்டிருக்க வேண்டும். கரண்ட் போனால் ஓட பேட்டரி காற்றுப் பம்பு ஒன்றும் அவசியம்.

வாரம் முழுக்க யார் உட்காருவது?

கடினப் பவளம் வளர்கிறது என்றால் எலும்பு கட்டுகிறது என்று அர்த்தம். அதற்கான கால்சியத்தையும் கார்பனேட்டையும் தண்ணீரிலிருந்துதான் எடுக்கிறது. கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், காரத்தன்மை 8-9 டிகேஎச், மெக்னீசியம் 1300 அளவில் நிற்க வேண்டும். முதலில் சரிவது காரத்தன்மை. நாலடித் தொட்டியின் கடைசி வருடங்களில் வாரம் இரண்டு தடவை அதைச் சோதித்து, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளை வளர வளர அரிசிச் செலவு ஏறுவது போல, பவளம் வளர வளர ஊற்றும் மருந்தின் அளவும் ஏறும். நான் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்பவன். இரவு ஷிஃப்ட் வாரங்களில் அந்தத் தாளில் ஓட்டை விழுந்துவிடும்; அந்த ஓட்டை மறு வாரம் பவளத்தில் தெரியும்.

தண்ணீரும் வேறு. மீனுக்குக் குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கி விட்டாலே சமாளிக்கலாம். பவளத்துக்கு ஆர்ஓ வடிகட்டி வேண்டும். அதில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று, நாலு லிட்டர் கழிவாகப் போகும். நாங்கள் அதைத் துணி துவைக்கப் பிடித்துவைத்தோம்.

மீன் பக்கமும் சும்மா வராது. 680 லிட்டரில் பத்தில் ஒரு பங்கு மாற்றினாலே 68 லிட்டர். லிட்டருக்கு 36 கிராம் வீதம் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ உப்பு. பெரிய மீன் கூட்டத்துக்குப் பல வாரங்களில் அது இரட்டிப்பாகும். ஸ்கிம்மரும் தொட்டி அளவுக்குச் சொல்வதைவிட ஒரு படி பெரிதாக வேண்டும்.

சாப்பாடு என்று ஒன்று இருக்கிறது. பவளத்துக்கு வெளிச்சமும் வாரம் இரண்டு தடவை சிட்டிகைத் தூளும் போதும். ஏஞ்சலுக்கும் டிரிகருக்கும் தினமும் இறால், குப்பாங் சிப்பி, கணவாய் என்று நறுக்கிப் போட வேண்டும். டிரிகருக்கும் பேத்தைக்கும் பல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் சிப்பியை ஓட்டோடு போட்டுத் தேயவைக்க வேண்டும். இதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர் வீட்டில் புரட்டாசி கிடையாது. எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்கச் சமையலறைக்குள் கவிச்சி வரக் கூடாது. பின்கட்டில் தனிக் கத்தி, தனிப் பலகை. ஐஸ் அறையில் மூடி போட்ட தனி டப்பா. டப்பா மேல் மகள் சிவப்பு மையில் "சாமி மன்னிக்க" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.

மருந்தும், திரும்பி வரும் வழியும்

உப்புத் தண்ணீர் மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு நல்ல மருந்து. அயனிச் செம்பு என்றால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவே போதும். அதே செம்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும். அதனால் பவளத் தொட்டியில் மீனுக்கு நோய் வந்தால் மருந்து போட வழியில்லை. எல்லா மீனையும் வெளியே எடுத்து வேறு தொட்டியில் வைத்தியம் பார்த்து, பெரிய தொட்டியை ஆறு முதல் பத்து வாரம் மீனில்லாமல் பட்டினி போட வேண்டும். மீன் மட்டும் இருந்தால் நேராகவே ஊற்றிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். ஊற்றலாம். ஆனால் சுண்ணாம்புக் கல் செம்பை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பின்னால் மனம் மாறிப் பவளம் வைக்க நினைத்தால் அந்தக் கல்லை நம்ப முடியாது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தத் திரும்பும் வழிதான். பவளத் தொட்டி வைத்திருப்பவருக்கு அலுத்துவிட்டால், பவளத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டு அடுத்த மாதமே ஏஞ்சலை விடலாம். மீனிலிருந்து பவளத்துக்கு வருவதோ மலையேற்றம். 30 சென்டிமீட்டர் மீனை முதலில் பிடிக்க வேண்டும். பிடித்தாலும் வாங்கிக்கொள்ளும் அளவுக்குக் கடையில் இடம் இருக்காது. கடலில் விடுவது பற்றி நினைக்கவே கூடாது. ஃபுளோரிடா பக்கம் 1985-இல் முதலில் தென்பட்ட சிங்கமீன் இன்று மேற்கு அட்லாண்டிக் கரையில் பரவித் தொல்லை கொடுப்பதற்குத் தொட்டிக்காரர்கள்தான் காரணம் என்கிறார்கள். மீனெல்லாம் போன பிறகும் கல்லில் ஊறிய பாஸ்பேட் மாதக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும்.

இதை மட்டும் பார்த்தால் பவளம்தான் புத்திசாலித்தனம். நானும் மூன்றாவது வாரம் வரை அந்தப் பக்கம்தான் இருந்தேன்.

பெரிய தொட்டி யாருக்கு வேண்டும்?

மனதை மாற்றியது ஒரு சின்ன விஷயம். ஒட்டுப் பிரிந்த தொட்டியிலிருந்து எடுத்த பவளங்களைத் தற்காலிகமாக இரண்டரையடித் தொட்டி ஒன்றில், 150 லிட்டரில், பழைய சில்லரோடும் பழைய விளக்கு ஒன்றோடும் வைத்திருந்தேன். அவை பாட்டுக்கு விரிந்து நின்றன. டார்ச்சுக்கு 150 லிட்டரும் 680 லிட்டரும் ஒன்றுதான். அது உட்கார்ந்த இடத்தை விட்டு நகரப்போவதில்லை. எம்பரருக்கு அப்படியில்லை. 40 சென்டிமீட்டர் மீன் இரண்டரையடியில் திரும்பவே முடியாது. இடம் கேட்பது மீன். ஆனால் பவளம் வைத்திருக்கும் நாம்தான் காட்சிக்காகப் பெரிய தொட்டியை நிரப்பி, அதன் ஒவ்வொரு அடிக்கும் விளக்கும் குளிரும் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. தண்ணீர் அதிகமாக இருந்தால் சூடும் உப்பும் மெதுவாகத்தான் மாறும், தப்பு செய்தால் திருத்த நேரம் கிடைக்கும். இரண்டரையடியில் ஒரு நாள் ஆவியாதலே உப்பை ஏற்றிவிடும். நன்னீர் தானாக நிரப்பும் கருவி இல்லாமல் நான் அதைத் தொட மாட்டேன். இன்னொன்று, பவளத்தோடு சின்ன மீன் கூட்டத்தை விரும்புபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆந்தியாஸ் முப்பது ஒன்றாகத் திரும்பும்போது ஆறடிப் பவளத் தொட்டிக்கு ஈடாக எதுவும் இல்லை. எனக்கு அந்த ஆசை இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

நடுவழியும் பார்த்தோம். பவளத்தைத் தொடாத ஜெனிகாந்தஸ் ஏஞ்சல், மிதவை உயிர்களைத் தின்னும் நீலத்தொண்டை டிரிகர் இரண்டும் பவளத் தொட்டியில் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். மறுபக்கத்தில், மீன் தொட்டியிலேயே தோல் பவளம், காளான் பவளம் போன்ற கசப்பு ரகங்களை வைத்தால் ஏஞ்சல்கள் பல நேரம் விட்டுவிடும். "பெரும்பாலும்", "பல நேரம்" என்ற வார்த்தைகளை என் மனைவி சிரித்துக்கொண்டே எண்ணினாள். எட்டு மாதம் "பழகிக்கொண்ட" மீன் எங்களுக்கு ஞாபகம் இருந்தது. ஜெனிகாந்தஸ் அழகுதான், ஆனால் அவள் கேட்டது அது இல்லை.

வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. கடினப் பவளம் எல்லாமே, அருகிவரும் உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது, நம் நாட்டிலும் அதற்கான 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. முறையாக இறக்குமதி செய்த கடையில், முடிந்தால் பண்ணையில் வளர்த்த துண்டாக வாங்குங்கள். பாயார் தீவு கடல் பூங்கா. சுற்றுலா போனவர் அங்கிருந்து ஒரு செத்த துண்டைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வரக் கூடாது. 2018-இல் இந்தோனேசியா பவள ஏற்றுமதியை நிறுத்தி வைத்தபோது, பண்டமாற்று செய்யும் நண்பர்கள் இருந்தவருக்குத்தான் தொட்டி நிறைந்தது. பாதுகாப்பு விஷயம்: சோவா பவளம் ஒட்டிய கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள், அதன் ஆவியில் பாலிடாக்ஸின் விஷம் வரலாம். சிங்கமீன் முள் குத்தினால் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் கையை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அந்த மீனே வேண்டாம்.

நாங்கள் செய்தது

ஆறடி மீனுக்கு; இரண்டரையடி பவளத்துக்கு, இனி நிரந்தரமாக. பழைய சில்லர் சின்னதோடு போய்விட்டதால் புதிது வாங்கவில்லை. பெரியதில் விசிறிதான். வாரம் இரண்டு தடவை சோதனை இன்னும் உண்டு, ஆனால் 150 லிட்டருக்கு ஊற்றும் மருந்து பழையதில் பாதிகூட இல்லை.

திரும்பும் வழியையும் அடைக்கவில்லை. பெரிய தொட்டியில் இதுவரை ஒரு சொட்டுச் செம்பு போட்டதில்லை. பின்கட்டில் துணி துவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, உள்ளே ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள். வரும் மீன் எல்லாம் முதல் ஒரு மாதம் அங்கேதான். செம்பு வேண்டுமென்றாலும் அங்கேயே. பேத்தை மீனுக்குச் செம்பு ஒத்துக்கொள்ளாது என்பதால் அதை வாங்கவே இல்லை. கிளௌன் டிரிகரையும் ஒதுக்கிவிட்டேன். பார்க்க எவ்வளவு அழகோ அவ்வளவு ரவுடி. மூன்று வருடம் சாதுவாக இருந்துவிட்டு ஒரு ராத்திரியில் கூட இருப்பவரைத் தீர்த்துவிடும். அமைதியானவை முதலில், முரடு கடைசியில் என்ற வரிசையில் ரக்கூன் வண்ணத்துப்பூச்சி இரண்டு, எம்பரர், அப்புறம் நைஜர் டிரிகர் மூன்று. நைஜர்கள் ராத்திரி தங்களுக்கென்று ஒரு இடுக்கு வேண்டுமென்று கல்லை நகர்த்துகின்றன. முதல் வாரம் டக்கென்ற சத்தம் கேட்டுத் திருடன் என்று எழுந்துவிட்டேன்.

எம்பரர் வந்தபோது 7 சென்டிமீட்டர். இப்போது 11 இருக்கும். போன வாரம் இரவு ஷிஃப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வந்தபோது, மனைவி கைப்பேசி வெளிச்சத்தைத் தொட்டி மேல் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். தே தாரிக் பக்கத்தில் ஆறிப்போயிருந்தது. "இங்க வாங்க, வால் பக்கம் பாருங்க" என்றாள். கடைசி வெள்ளை வளையம் நடுவில் உடைந்து, அந்த இடைவெளியில் நூல் அளவுக்கு ஒரு மஞ்சள்.